கூடிக் கொடுத்த காசு – 8: ஒரு லட்சம் யூரோ, ஏழு வாரம்

சென்ற அத்தியாயம் மரில்லியன் என்ற ஆங்கிலேய ராக் குழுவோடு முடிந்தது. அமெரிக்காவுக்கு வந்து பாட வசதியில்லை என்று அந்தக் குழு கைவிரித்தபோது, இணையத்தில் பழகிய ரசிகர்கள் 1997-இல் தாங்களாகவே 60,000 டாலர் திரட்டி அவர்களை வரவழைத்தார்கள். அந்தப் பணம் ஒரு சுற்றுப்பயணத்துக்கு உதவியது. பயணம் முடிந்ததும் கணக்கும் முடிந்தது. இந்த அத்தியாயத்தில் வருவது வேறு வகைப் பணம். ஒருமுறை கொடுத்தார்கள், இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதன் பலன் வந்துகொண்டே இருக்கிறது. கொடுத்தவர்களைவிடக் கொடுக்காதவர்களே அதை அதிகம் அனுபவித்திருக்கிறார்கள். இணையச் சமூகங்கள் திரட்டிய பணத்தின் வரலாற்றில் இதைவிட நன்றாகச் செலவான பணத்தை நான் பார்த்ததில்லை.

கதை நெதர்லாந்தில் தொடங்குகிறது. டோன் ரோசெண்டால் என்பவர் கூட்டாளிகளுடன் 1988-இல் நியோஜியோ என்ற அனிமேஷன் ஸ்டூடியோவைத் தொடங்கினார். விரைவிலேயே அது அந்நாட்டின் முன்னணி முப்பரிமாண அனிமேஷன் ஸ்டூடியோவாக வளர்ந்தது. கலை இயக்கம், மென்பொருள் இரண்டும் ரோசெண்டாலின் பொறுப்பு. ஸ்டூடியோவுக்கென்று அவர்களே எழுதிவைத்திருந்த பழைய கருவிகள் வேலைக்கு ஈடுகொடுக்கவில்லை. அதனால் புதிதாக ஒன்றை எழுத ஆரம்பித்தார். அதன் முதல் கோப்புகளில் இருக்கும் தேதி 1994 ஜனவரி 2. பெயர் பிளெண்டர். உருவம் வடிப்பது, அசைவு கொடுப்பது, ஒளி அமைப்பது, கடைசியில் ஒவ்வொரு பிரேமையும் படமாக ரெண்டர் செய்வது எல்லாவற்றையும் அந்த ஒரே மென்பொருளில் செய்யலாம். அந்நாளில் இந்த வகை மென்பொருள்களின் விலை ஆயிரக்கணக்கான டாலர். ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். கல்லூரி மாணவர் கிட்டேகூடப் போக முடியாது.

அந்த மாணவரை மனத்தில் வைத்துத்தான் ரோசெண்டால் 1998-இல் நாட் எ நம்பர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பிளெண்டரை இணையத்தில் இலவசமாகக் கொடுப்பது, அதைச் சுற்றிய சேவைகளையும் பொருள்களையும் விற்றுப் பிழைப்பது என்பது திட்டம். 1999-இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த சிக்ராஃப் மாநாட்டில் கடை விரித்தார்கள். கணினி வரைகலைக்கு உலகிலேயே பெரிய மாநாடு அது. இலவசமாகக் கிடைக்கும் முப்பரிமாண மென்பொருளைப் பார்க்கக் கூட்டம் கூடியது. 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முதலீட்டாளர்கள் 45 லட்சம் யூரோ போட்டார்கள். நிறுவனத்தில் ஆட்கள் ஐம்பது பேர்வரை பெருகினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்துகொண்ட பயனர்கள் இரண்டரை லட்சத்தைத் தாண்டினார்கள்.

பயனர்கள் பெருகிய அளவுக்கு வருமானம் பெருகவில்லை. இணைய நிறுவனப் பங்குகளின் மதிப்பு உலகெங்கும் சரிந்துகொண்டிருந்த நேரம் அது. 2001 ஏப்ரலில் நிறுவனத்தைச் சுருக்கிப் புது முதலீட்டோடு மறுபடி தொடங்கினார்கள். ஆறு மாதம் கழித்துப் பிளெண்டர் பப்ளிஷர் என்ற விலைப்பதிப்பை வெளியிட்டார்கள். அது எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 2002 தொடக்கத்தில் முதலீட்டாளர்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். நிறுவனம் மூடப்படுவது தெரிந்த பிறகு, நிரலாளர்கள் கடைசிப் பதிப்பில் ஒரு சிறு அடையாளத்தை விட்டுச் சென்றார்கள். கனசதுரம், கோளம், கூம்பு என்று பிளெண்டரில் ஆயத்தமாக இருக்கும் உருவங்களோடு ஒரு குரங்கின் தலையையும் சேர்த்தார்கள். அதற்கு சூசன் என்று பெயர். இன்றைக்கும் பிளெண்டரைத் திறப்பவர் அந்தக் குரங்கை ஒரு சொடுக்கில் வரவழைக்கலாம். ஆண்டுதோறும் ஆம்ஸ்டர்டாமில் நடக்கும் பிளெண்டர் மாநாட்டில் சிறந்த படைப்புகளுக்குத் தரும் விருதுக்கும் அதன் பெயர்தான்.

நிறுவனம் மூடினால் என்ன, மென்பொருள்தான் எல்லார் கணினியிலும் இருக்கிறதே என்று கேட்கலாம். பயனர்களிடம் இருந்தது ஓடும் நிரல் மட்டும். அதை எழுதிய மூலநிரல் நிறுவனத்தின் சொத்தாகப் பூட்டிக் கிடந்தது. மூலநிரல் இல்லாமல் பிழை திருத்த முடியாது. புது வசதி சேர்க்க முடியாது. இயங்குதளம் மாறும்போது அதற்கேற்ப மாற்றியமைக்கவும் முடியாது. சில ஆண்டுகளில் புதிய கணினிகளில் அது ஓடாமலே போயிருக்கும். இரவு பகலாக அதைக் கற்று, அதில் படம் செய்து, தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்த பயனர்களின் உழைப்பும் அதோடு போயிருக்கும்.

2002 மார்ச்சில் ரோசெண்டால் பிளெண்டர் அறக்கட்டளையைப் பதிவு செய்தார். லாப நோக்கமில்லாத அமைப்பு. மூலநிரலைப் பொதுவுக்குக் கொண்டுவருவதுதான் அதன் முதல் வேலை. முதலீட்டாளர்களிடம் பேசிப் பேசி ஒரு விலைக்கு அவர்களைச் சம்மதிக்க வைத்தார். ஒரே தடவையில் 1 லட்சம் யூரோ. கொடுத்தால் மூலநிரலைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டுக்கொள்ளலாம். 45 லட்சம் போட்டவர்களுக்கு இது பெரிய தொகை ஆகாது. இறந்துவிட்ட நிறுவனத்திடமிருந்து கிடைத்தவரை லாபம் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். மாணவர்களும் தனியாகத் தொழில் செய்யும் கலைஞர்களும் நிறைந்த ஒரு கூட்டத்துக்கோ அது மலை.

பிளெண்டரை விடுவிப்போம் என்ற அந்த இயக்கம் 2002 ஜூலை 18 அன்று தொடங்கியது. அந்தக் காலத்தை வாசகர் சற்று நினைத்துப்பார்க்க வேண்டும். யூரோ நோட்டுகள் மக்கள் கைக்கு வந்தே ஏழு மாதம் ஆகவில்லை. ஃபேஸ்புக் பிறக்க இன்னும் இரண்டு ஆண்டு, கூட்டு நிதித் தளமான கிக்ஸ்டார்ட்டர் பிறக்க ஏழு ஆண்டு இருந்தன. இணையத்தில் முன்பின் பாராத ஒருவருக்கு எல்லை தாண்டிப் பணம் அனுப்புவது அன்றைக்குப் பெரும்பாலோருக்குப் பழக்கமில்லாத காரியம். தொகை சேராமல் போனால் திருப்பித் தர ஏற்பாடு செய்யும் இடைத்தளமும் கிடையாது. நம்பியவர்கள் ஒரு மனிதரின் சொல்லை நம்பினார்கள். பல ஆண்டுகளாக அந்த மனிதர் அவர்களோடு நேரடியாகப் பேசிவந்தவர், அவர்களுடைய புகார்களுக்குப் பதில் சொல்லிவந்தவர். அந்தப் பழக்கத்தின் மேல்தான் அவ்வளவு பேர் பணம் அனுப்பினார்கள் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 7 அன்று போதிய பணம் சேர்ந்துவிட்டது என்று அறிவித்தார்கள். ஏழே வாரம். கேட்டவர்களே எதிர்பார்க்காத வேகம். 2002 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை, பிளெண்டரின் மூலநிரல் குனூ பொது உரிமத்தின் கீழ் உலகத்துக்கு வெளியானது.

அந்த உரிமத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு லட்சம் யூரோவுக்கு வாங்கியது உண்மையில் அதைத்தான். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் எழுதிய உரிமம் அது. அதன்படி யார் வேண்டுமானாலும் மென்பொருளைப் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், அதை வைத்துச் சம்பாதிக்கவும் செய்யலாம். மாற்றியதை வெளியே கொடுத்தால், அதே உரிமைகளோடு கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஒருமுறை இப்படி வெளியிட்டதைப் பிறகு யாரும் திரும்பப் பூட்ட முடியாது. அறக்கட்டளையே நாளை மூடினாலும் பிளெண்டர் மூடாது. முதலில் வேறொரு வணிக உரிமத்துக்கும் ஒரு கதவைத் திறந்துவைத்திருந்தார்கள். தேவைப்பட்டால் நிறுவனங்களுக்கு அதை விற்று வருமானம் பார்க்கலாம் என்ற எண்ணம். அந்தக் கதவை அவர்கள் ஒருநாளும் பயன்படுத்தவில்லை. 2005-இல் அதையும் நிறுத்திவைத்துவிட்டார்கள். இந்த ஒரு முடிவுக்காகவே அந்த அறக்கட்டளையை நான் மதிக்கிறேன்.

இத்தொடரின் முந்தைய அத்தியாயங்களைப் படித்தவர்களுக்கு 1885-இல் நியூயார்க்கில் நடந்தது நினைவிருக்கும். சுதந்திரதேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணமில்லாமல் நின்றபோது ஜோசஃப் புலிட்சர் தன் நாளிதழில் வேண்டுகோள் விடுத்தார். லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பெரும்பாலும் ஒரு டாலருக்கும் குறைவாக அனுப்பி ஒரு லட்சம் டாலரைத் தாண்டினார்கள். குஜராத்தின் பால் கூட்டுறவு உழவர்கள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு 1976-இல் ஷ்யாம் பெனகலின் ‘மந்தன்’ படத்தை எடுத்ததையும் பார்த்தோம். அந்த இரண்டு இடங்களிலும் பணம் கேட்டவருக்குப் பின்னால் நாளிதழ், கூட்டுறவுச் சங்கம் என்று ஒரு பெரிய அமைப்பு நின்றது. 2002-இல் ரோசெண்டாலுக்குப் பின்னால் நின்றது ஒரு மென்பொருளின் பயனர்கள் மட்டுமே. அவர்களில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை.

மூலநிரல் வெளியான பிறகு உலகின் பல மூலைகளிலிருந்தும் நிரலாளர்கள் வந்து சேர்ந்தார்கள். பிழைகள் குறைந்தன, வசதிகள் கூடின. ஆனாலும் தொழில்முறைக் கலைஞர்கள் அதைப் பொழுதுபோக்குக் கருவி என்றே ஒதுக்கினார்கள். இதில் ஒரு முழுப்படம் செய்து காட்ட முடியுமா என்ற கேள்விக்கு விடை இல்லாமல் இருந்தது. அந்த விடைக்காகத்தான் அறக்கட்டளை இரண்டாம் முறை சமூகத்திடம் கையேந்தியது.

2005-இல் ஆரஞ்ச் என்ற பெயரில் அந்தத் திட்டம் தொடங்கியது. சில கலைஞர்களை ஆம்ஸ்டர்டாமுக்கு வரவழைத்து, ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்து, ஒரு குறும்படம் செய்வது. நெதர்லாந்து ஊடகக் கலை நிறுவனம் கைகொடுத்தது. மீதிக்குப் படம் பிறக்கும் முன்பே அதன் டிவிடியைச் சமூகத்திடம் விற்றார்கள். செப்டம்பர் 1-க்குள் முன்பதிவு செய்தவர்களின் பெயர் படத்தின் இறுதியில் வரும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. படம் முடிந்ததும் இணையத்தில் இலவசமாக வரும் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டார்கள். படம் மட்டுமா? உருவங்கள், அசைவுகள், ஒளியமைப்புகள் அடங்கிய கோப்புகள் அத்தனையும் வரும். படைத்தவர்களின் பெயரைச் சொல்லி யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். சும்மா கிடைக்கப்போவதற்குத்தான் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்தே மக்கள் டிவிடி வாங்கினார்கள்.

பஸ்ஸாம் குர்தாலி இயக்கிய அந்தப் படம் ‘எலிஃபண்ட்ஸ் ட்ரீம்’, 2006 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமில் திரையிடப்பட்டது. மே மாதம் இணையத்துக்கு வந்தது. பதினோரு நிமிடம் ஓடும். முடிவே இல்லாத ஒரு மாபெரும் இயந்திரத்துக்குள் ஒரு முதியவரும் ஓர் இளைஞனும் நடக்கிறார்கள். முதியவர் அந்த உலகத்தை வியந்து காட்டுகிறார். இளைஞனுக்கு அது பிடிபடவில்லை. கதை பலருக்குப் புரியவில்லை என்பது உண்மை. எனக்கும் அதன் கதையைவிட அது விட்டுச்சென்றதுதான் முக்கியம். படத்தின் பிரேம்களை ரெண்டர் செய்ய மட்டும் அமெரிக்காவின் மேரிலாந்திலுள்ள போவி மாநிலப் பல்கலைக்கழகத்தின் கணினித் தொகுதி 125 நாள் உழைத்தது. கலைஞர்கள் முட்டி நின்ற இடங்களிலெல்லாம் நிரலாளர்கள் பிளெண்டரைத் திருத்தினார்கள். படிமங்களை அடுக்கடுக்காகக் கோத்துக் கலக்கும் நோட் வசதி இந்தப் படத்தின் தேவையிலிருந்து பிறந்தது. 2006 ஜூலையில் வந்த பதிப்பில் அது எல்லாருக்கும் கிடைத்தது. டிவிடி வாங்கியவர் பதினோரு நிமிடப் படத்துக்குப் பணம் கொடுத்தார்; படம் பார்க்காதவரும் அந்த நோட்டை இன்றுவரை பயன்படுத்துகிறார்.

இந்த முறை பிடித்துப்போக, 2007-இல் ஆம்ஸ்டர்டாமில் பிளெண்டர் இன்ஸ்டிட்யூட் என்ற நிலையான கூடம் திறந்தது. 2008-இல் சாஷா கூடகெபுரே இயக்கிய ‘பிக் பக் பன்னி’ வந்தது. கொழுத்த, சாதுவான ஒரு முயலைச் சீண்டும் மூன்று குறும்பர்களுக்கு முயல் பாடம் கற்பிக்கும் பத்து நிமிடக் கதை. இம்முறை கதை புரியாதவர் யாரும் இல்லை. உரோமமும் முடியும் வரையும் திறன் இந்தப் படத்துக்காகவே பிளெண்டரில் மேம்பட்டது. உலகெங்கும் வீடியோ மென்பொருள் செய்பவர்கள் இன்றும் இந்த முயலைத்தான் சோதனைப் படமாக ஓட்டுகிறார்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாருக்கும் உரிமத்தொகை கட்ட வேண்டாம். உங்களில் பலர் இந்த முயலைப் பெயர் தெரியாமலே பார்த்திருப்பீர்கள்.

2010-இல் கோலின் லெவியின் ‘சிண்டல்’, 2012-இல் இயன் ஹூபர்ட்டின் ‘டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்’. ‘சிண்டல்’ படத்துக்கு நெதர்லாந்து திரைப்பட நிதியமும் உதவியது. தொலைந்துபோன குட்டி டிராகனைத் தேடி அலையும் ஒரு பெண்ணின் கதை அது. நான்கு படங்களில் மனத்தை உலுக்குவது அதுதான்.

நான்கு படங்கள் வென்ற துணிச்சலில் 2014-இல் பெரிதாக ஆசைப்பட்டார்கள். கூஸ்பெரி என்ற திட்டம்: உலகின் பல நாடுகளில் உள்ள சிறிய ஸ்டூடியோக்கள் சேர்ந்து ஒரு முழுநீளத் திரைப்படம். இதற்கு டிவிடி போதாது என்று மாதச் சந்தா முறையைக் கொண்டுவந்தார்கள். பத்தாயிரம் சந்தாதாரர்கள் இலக்கு. இலக்கு எட்டவில்லை. முழுநீளப் படத்தை ஒதுக்கிவிட்டு, அதன் முன்னோட்டமாக மத்யூ ஓவ்ரே இயக்கத்தில் ‘காஸ்மோஸ் லாண்ட்ரோமேட்’ என்ற பன்னிரண்டு நிமிடக் குறும்படத்தை 2015-இல் கொண்டுவந்தார்கள். வாழ்வில் பிடிப்பற்ற ஓர் ஆடும், அதற்குப் புது வாழ்வுகள் தருவதாகச் சொல்லி வரும் ஒரு விற்பனையாளரும். 2016 சிக்ராஃப் விழாவில் அது நடுவர் விருது பெற்றது. முழுநீளப் படம் மட்டும் வரவே இல்லை.

அது ஏன் எட்டவில்லை என்பதை ஆராய வேண்டும், ஏனென்றால் கூட்டு நிதி திரட்ட நினைப்பவர்களுக்கு வெற்றிகளைவிட இது உதவும். 2002-இல் கேட்டது ஒரு தொகை, ஒரு காரியம், ஒரு தடவை; அடைந்தால் கிடைப்பது என்ன என்பதில் யாருக்கும் ஐயமில்லை. 2005-இல் கேட்டது ஒரு வட்டின் விலை. 2014-இல் கேட்டது மாதாமாதம், முடிவு தெரியாமல், ஆண்டுக்கணக்கில் நீளக்கூடிய ஒரு படத்துக்கு. அதற்குள் கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளங்கள் பெருகி, நாளுக்கொரு வேண்டுகோள் வந்துகொண்டிருந்தது. பிளெண்டரின் பயனர்கள் கருவிக்காகக் கூடியவர்கள். கருவி வளரும் என்பதற்காகக் குறும்படத்தை ஆதரித்தார்கள். முழுநீளப் படம் என்ற கனவு படைப்பாளிகளுடையது; அதைச் சமூகத்தின் பெரும்பகுதி தன் கனவாக எடுத்துக்கொள்ளவில்லை. சமூகத்தின் பணத்தால் ஒரு காரியம் நடக்க வேண்டுமானால், அந்தக் காரியத்தைச் சமூகம் ஏற்கெனவே விரும்பியிருக்க வேண்டும். பிரச்சாரத்தால் அந்த விருப்பத்தை உண்டாக்குவது அரிது. இது என் முடிவு; இத்தொடரில் இதுவரை பார்த்த எல்லா அத்தியாயங்களும் இதற்கு ஒத்துவருகின்றன.

ஆனால் சந்தா முறை அடியோடு தோற்கவில்லை. படத்துக்கு எடுபடாத மாதச் சந்தா, மென்பொருளின் வளர்ச்சி நிதிக்கு எடுபட்டது. 2018-இல் அந்த நிதியைப் புதுப்பித்தார்கள். தனியாட்கள் மாதம் சில யூரோ போட்டார்கள்; நிரலாளர்களுக்கு முழுநேரச் சம்பளம் அதிலிருந்து போனது. 2019 ஜூலையில் முழுதும் புதுக்கிய 2.8 பதிப்பு வந்தது. அதே மாதம் விளையாட்டு நிறுவனமான எபிக் கேம்ஸ் 12 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தது. என்விடியா, ஏஎம்டி போன்ற பெருநிறுவனங்களும் நிதியில் சேர்ந்தன. 2002-இல் ஏழு வாரம் பாடுபட்டுச் சேர்த்ததைப்போலப் பல மடங்கு, எபிக் என்ற ஒரே நிறுவனத்திடமிருந்து.

பெரும்பணம் வந்ததும் சமூகத்தின் பிடி தளர்ந்துவிடுமே என்ற கவலை நியாயமானது. எனக்கும் அது உண்டு. கொடுப்பவர் நாளை கையை இழுத்துக்கொண்டால் சம்பளம் எங்கிருந்து வரும்? அந்தக் கவலைக்கு இருக்கும் ஒரே காப்பு 2002-இல் வாங்கிய உரிமம்தான். எவ்வளவு கொடுத்தாலும் எந்த நிறுவனமும் பிளெண்டரைத் தனக்கு மட்டும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது.

2025 மார்ச் 2 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த முழுநீள அனிமேஷன் படத்துக்கான விருது ‘ஃப்ளோ’ படத்துக்குக் கிடைத்தது. வசனமே இல்லாத படம்; வெள்ளத்தில் ஒரு படகில் ஒதுங்கும் பூனையும் பிற விலங்குகளும்தான் பாத்திரங்கள். இயக்கியவர் லாட்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் ஸில்பலோடிஸ். அந்நாட்டுக்கு இதுதான் முதல் ஆஸ்கர். செலவு ஏறத்தாழ 35 லட்சம் யூரோ. ஹாலிவுட்டின் பெரிய அனிமேஷன் படங்களுக்கு ஆவதில் மிகச் சிறு பகுதி. பெரும்பாலும் ஐரோப்பிய அரசு நிதியங்கள் தந்த பணம் அது. சமூகம் திரட்டியது அன்று. படம் செய்த கருவி பிளெண்டர். 2002-இல் பணம் அனுப்பியவர்களில் எவரும் லாட்வியாவின் ஒரு பூனையை நினைத்து அனுப்பியிருக்க மாட்டார்கள். முழுநீளப் படத்துக்கு 2014-இல் பணம் சேரவில்லை. பத்து ஆண்டுக்குப் பிறகு முழுநீளப் படம் வேறு ஊரில், வேறு கையில், அதே கருவியில் பிறந்தது.

நம் பக்கத்துக்கும் இந்தப் பலன் வந்திருக்கிறது. கேரள அரசுப் பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் தகவல்நுட்ப மன்றங்களின் முகாம்களில் பிள்ளைகள் பிளெண்டரில் அனிமேஷன் கற்கிறார்கள். தமிழகத்திலும் அதைத் தாமாகவே கற்று விளம்பரப் படம், விளையாட்டு, கட்டட வரைபடம் என்று பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இதுவரை எவரும் ஒரு ரூபாய்கூடக் கட்டாயமாகக் கேட்டதில்லை, இனியும் கேட்கப்போவதில்லை. ஆனால் வளர்ச்சி நிதி இன்றும் திறந்திருக்கிறது. தனியாளும் மாதம் ஒரு சிறு தொகையோடு அதில் சேரலாம். பிளெண்டரால் சம்பாதிக்கும் தமிழக ஸ்டூடியோக்களும் கலைஞர்களும் வருமானத்தில் ஒரு சிறு பங்கை அந்த நிதிக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பணம் முடியாதவர்கள் அதன் கையேட்டில் ஒரு பக்கத்தையாவது தமிழில் எழுதிக் கொடுக்கலாம்.

(தொடரும்)